இருபத்தொரு நாள் கணக்கு

நகரத்திலிருந்து எங்கள் தோட்டத்துக்கு வருகிற உறவினர்கள், கட்டுத்தரையில் நிற்கும் மாடுகளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இதிலே எது பால் மாடு, எது சும்மா நிற்கிற மாடு?" என்று கேட்பது வழக்கம். சில பசுக்கள் பிறவியிலேயே பால் கொடுப்பவை, மற்றவை அப்படியல்ல என்பதாக ஓர் எண்ணம் அவர்கள் மனத்தில் இருப்பதை அந்தக் கேள்வியே காட்டிவிடும். விடியற்காலையில் வாசலில் பால் உறை வந்து விழுகிற வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, கன்று ஈன்றாலொழிய எந்தப் பசுவுக்கும் மடியில் பால் ஊறாது என்கிற ஆதாரமான விஷயத்தை யாரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு வாய்மொழியாகச் சொல்வதையே சற்று விஸ்தாரமாக இங்கே எழுதி வைக்கிறேன். மாடு வாங்கிக் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் இளைஞர்கள் சிலருக்கும் இது பயன்படலாம்.

பசுவின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 280 நாள். நம் நாட்டுத் திமில் மாடுகளுக்கு அதற்கு மேலும் சில நாட்கள் ஆவதுண்டு. ஈன்ற நாள் முதல் பால் மெல்ல மெல்ல ஏறி, ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு படிப்படியாக இறங்கும். ஓர் ஈற்றின் கறவைக் காலத்தை 305 நாள் என்று பண்ணைக்காரர்கள் கணக்கிடுவதும், அடுத்த ஈற்றுக்கு முந்தைய 60 நாளில் கறப்பதை அடியோடு நிறுத்தி மடிக்கு ஓய்வு கொடுப்பதும், வருஷத்துக்கு ஒரு கன்று என்கிற லட்சியத்தை ஒட்டி அமைந்த ஏற்பாடுகள். வருஷத்தின் 365 நாளில் 280ஐக் கழித்தால் மிஞ்சுவது 85. ஈன்ற கருப்பை சுருங்கிப் பழைய நிலைக்குத் திரும்புவதற்கு அதில் ஏறத்தாழ 45 நாள் போய்விடுகிறது. எஞ்சிய நாற்பது நாளுக்குள் மாடு இரண்டு தடவைதான் பருவத்துக்கு வரும். ஏனென்றால் பருவச் சக்கரம் சராசரியாக 21 நாளுக்கு ஒரு முறை சுற்றுவது. மாட்டுக்கு மாடு 18 முதல் 24 நாள்வரை வேறுபடலாம். அப்படி வருகிற பருவமும் பன்னிரண்டு மணி முதல் பதினெட்டு மணி நேரம்வரைதான் நிலைக்கும். ஓர் இரவு அயர்ந்து தூங்கிவிட்டு, மறுநாள் விடிந்ததும் உறவினர் கல்யாணத்துக்குப் புறப்பட்டுப் போய்த் திரும்பினால், அந்தப் பருவம் கழிந்துபோயிருக்கும்; இன்னும் மூன்று வாரம் தீவனம் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். மாடு வைத்து நொடித்துப்போனவர்கள் புண்ணாக்கு விலையையும் பால் விலையையும் காரணமாகச் சொல்வார்கள். அவையும் காரணங்களே, ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் வீட்டைக் கரைப்பது இப்படித் தவறிப்போகிற இருபத்தொரு நாட்கள்தாம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

பருவத்துக்கு வந்த மாட்டை அடையாளம் காண்பதற்கு என் அப்பத்தாவைப் போன்ற ஒருவரை நான் பிறகு கண்டதில்லை. எழுத்தறிவில்லாத அவர், கோழி கூவுகிற நேரத்தில் எழுந்து, சாணி வழிக்கப் போகும்போதே ஒவ்வொரு மாட்டின் முகத்தையும் ஒரு முறை பார்த்துக்கொண்டு போவார். வழக்கமாகப் படுத்து அசைபோடுகிற மாடு எழுந்து நின்று, முளைக்குச்சியைச் சுற்றி வந்து, தொலைவில் எதையோ கேட்பதுபோலக் காதை நிமிர்த்தி, இடைவிட்டு இடைவிட்டுக் கத்தினால், "மயிலை கத்துதப்பா, வாலைப் பாரு" என்பார். வாலின் அடியில் கண்ணாடி போலத் தெளிந்த வழும்பு கயிறாக இறங்கி, தொடையிலும் வால் மயிரிலும் ஒட்டிக் காய்ந்திருக்கும். பிறப்புறுப்பின் வாய் சற்று வீங்கிச் சிவந்திருக்கும். மாடு அடிக்கடி சிறுநீர் விடும். அன்றைய பால் ஒரு படி குறையும். மற்ற மாடுகள்மேல் தாவுவது ஓர் அறிகுறியாயினும், தன்மேல் இன்னொரு மாடு தாவும்போது விலகாமல் அசையாமல் நிற்பதே நிச்சயமான அறிகுறி என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வதை, "நின்னு கொடுத்தாத்தான் நெசம்" என்ற ஒரே வாக்கியத்தில் அவர் சொல்லிவிடுவார். அன்று முதல் நாளுக்கு ஒன்றாக அவர் சுவரில் கரிக்கோடு இழுப்பார்; இருபதாம் கோடு விழுந்த அன்றிலிருந்து அவருடைய தூக்கம் இன்னும் குறையும்.

இத்தனை நுட்பமான கவனம் ஏன் வேண்டியிருக்கிறது என்பதற்குக் காரணம் பசுவின் உடலமைப்பிலேயே இருக்கிறது. மாடு கத்தி ஆர்ப்பாட்டம் செய்கிற நேரத்தில் கருமுட்டை இன்னும் வெளிவந்திருக்காது. பருவத்தின் அறிகுறிகள் அடங்கி ஏறத்தாழ பத்து, பன்னிரண்டு மணி நேரம் கழிந்த பின்னரே அது சினைப்பையிலிருந்து விடுபடும். விடுபட்ட முட்டை உயிரோடு காத்திருப்பது சில மணி நேரமே. விந்தணுவோ உள்ளே ஒரு நாள் அளவு பிழைத்திருக்கக்கூடியது என்றாலும், கருவுறச் செய்யும் பக்குவத்தை அடைவதற்கு அதற்கும் சில மணி நேரம் தேவைப்படுகிறது. இரண்டும் சரியான முகூர்த்தத்தில் சந்திக்க வேண்டுமானால், காலையில் கத்திய மாட்டுக்கு அன்று மாலையிலும், மாலையில் கத்திய மாட்டுக்கு மறுநாள் காலையிலும், காளையின் விந்தைச் செலுத்தும் சினை ஊசி போட வேண்டும் என்று உலகெங்கும் வழங்குகிற விதி இதனால் ஏற்பட்டதே. நாட்டு மாடுகளுக்குப் பருவம் இன்னும் குறுகியது. பல சமயங்களில் இரவிலேயே வந்து இரவிலேயே போய்விடும் சுபாவமும் உண்டு. ஆகையால் விடியற்காலையில் ஒரு முறை, அந்தி சாய்ந்தபின் ஒரு முறை என்று நாளுக்கு இருவேளையாவது மாட்டின் அருகே சும்மா நின்று பார்ப்பது அவசியம். இன்னொன்றும் உண்டு: பருவம் கழிந்து ஓரிரு நாளில் வால் மயிரில் இரத்தக் கறை தென்பட்டால், ஊசி போட வேண்டிய நேரம் கடந்துவிட்டது என்று பொருள். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அன்றிலிருந்து பதினெட்டு, பத்தொன்பது நாளை எண்ணி வைத்துக்கொண்டால் அடுத்த பருவத்தை நழுவவிடாமல் பிடிக்கலாம்.

சினை நின்றபின் பிறக்கப் போவது காளைக்கன்றா கிடாரியா என்பதைத் தீர்மானிப்பது காளையின் விந்தணு. மாட்டின் ஒவ்வோர் உயிரணுவிலும் 60 குரோமோசோம்கள் உண்டு. தாய் எப்போதும் ஒரே வகையான பால் குரோமோசோமைக் கொடுக்க, காளையினிடமிருந்து வருவதே இரண்டில் ஒன்றாக மாறுகிறது. "இந்த மாடு காளைக்கன்றாகவே போடுது" என்று பசுவை நொந்துகொண்டு சந்தைக்கு ஓட்டிவிடுகிறவர்களிடம் இதைச் சொல்லும்போது, அவர்கள் நம்ப மறுப்பதைக் காண எனக்கு உண்மையாகவே வருத்தமாயிருக்கிறது. பசுவின் மேல் அந்தப் பழி சற்றும் நியாயமில்லை.

இரட்டைக் கன்று பிறந்தால் வீட்டில் சந்தோஷம் பொங்கும். அவற்றில் ஒன்று காளையாகவும் மற்றொன்று கிடாரியாகவும் இருந்துவிட்டால், கிடாரியைப் பற்றி முன்கூட்டியே ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கருப்பையில் இரு கன்றுகளின் இரத்தக் குழாய்களும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால், காளைக்கன்றின் உடலில் ஊறும் சுரப்புகள் உடன்பிறந்தாளின் உடலுக்குள்ளும் ஓடி, அவளுடைய இனப்பெருக்க உறுப்புகளை வளரவிடாமல் தடுத்துவிடுகின்றன. இப்படிப் பிறக்கிற கிடாரிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மலடு. 1779ஆம் வருஷத்திலேயே ஜான் ஹண்டர் என்னும் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் இந்தக் கன்றுகளை அறுத்துப் பார்த்து வர்ணித்திருக்கிறார். காரணத்தை விளக்கியவர் 1916இல் அமெரிக்க உயிரியல் அறிஞர் பிராங்க் லில்லி. புறத்தோற்றத்தில் அந்தக் கிடாரிக்கு யாதொரு குறையும் தெரியாது. மூன்று வருஷம் வளர்த்துப் பருவத்துக்குக் காத்திருந்து ஏமாறுகிறவர்களும், அறியாமல் சந்தையில் வாங்கிவந்து ஏமாறுகிறவர்களும் உண்டாகையால், கிடாரி வாங்கும்போது "கூடப் பிறந்தது எது?" என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பிரசவத்தைப் பற்றி நீளமாக எழுத நான் மருத்துவனல்லன். முன்னங்கால்கள் இரண்டும், அவற்றின்மேல் வைத்த முகமுமாகக் கன்று வெளிப்பட்டால் நாம் கைகட்டி நிற்கலாம். வேறுவிதமாக வந்தால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். ஆனால் ஈன்றதற்குப் பிந்தைய முதல் சில மணி நேரத்தைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மனிதக் குழந்தை தாயின் கர்ப்பத்தில் இருக்கும்போதே நோய் எதிர்ப்புப் பொருள்களை இரத்தத்தின் வழியாகப் பெற்றுக்கொள்கிறது. பசுவின் நஞ்சுக்கொடி அமைந்திருக்கிற விதத்தில் அவை கன்றுக்குச் செல்ல வழியில்லை. ஆகையால் கன்று முற்றிலும் காப்பற்றதாகவே பூமியில் விழுகிறது. அந்தக் காப்பு முழுவதும் சீம்பாலில் இருக்கிறது. கன்றின் குடல் அதை உடையாமல் அப்படியே இரத்தத்தில் ஏற்றிக்கொள்ளும் சக்தி பெற்றிருப்பது முதல் ஒரு நாள் மட்டுமே. அதிலும் முதல் ஆறு மணி நேரத்துக்குப் பின் அந்தச் சக்தி விரைந்து குறைகிறது. இப்படியிருக்க, கொடி விழும்வரை கன்றை ஊட்டவிடக்கூடாது என்கிற பழக்கம் இன்றும் பல ஊர்களில் நீடிக்கிறது. கொடி விழப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகலாமே! கன்று ஊட்டுவதனால் தாயின் உடலில் சுரக்கிற ஆக்சிடோசின் கருப்பையையும் சுருங்கச் செய்து கொடி விழுவதற்கே உதவி புரிகிறது. பெரியவர்களின் வழக்கங்களில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. இந்த ஒரு வழக்கத்தை மட்டும் கைவிடும்படி ஒவ்வொரு வீட்டிலும் மன்றாடிக் கேட்டுக்கொள்வேன். சீம்பாலைக் கிண்டித் தின்பதும் கன்று வயிறு நிறைந்தபின் ஆகட்டும்.

மேலே சொன்ன அதே ஆக்சிடோசின்தான் கறவையின்போது பாலை இறக்குகிறது. மடியின் நான்கு பாகங்களும் தனித்தனியானவை. ஒன்றில் ஊறும் பால் மற்றொன்றுக்குப் போகாது. ஒரு லிட்டர் பால் ஊறுவதற்கு நானூறு, ஐந்நூறு லிட்டர் இரத்தம் மடியின் வழியாகப் பாய வேண்டியிருக்கிறது. கன்று முட்டுவதும், காம்பை நீவுவதும், பால் செம்பின் சத்தமும்கூடத் தாயின் மூளைக்குச் செய்தி அனுப்பி அந்தச் சுரப்பை வெளிப்படுத்தும். அதன் வேகம் ஆறேழு நிமிஷத்தில் தணிந்துவிடும். அதற்குள் கறந்துவிட வேண்டும். அடித்தோ மிரட்டியோ கறக்க முயன்றால் அச்சத்தினால் ஊறும் வேறொரு சுரப்பு அதைத் தடுத்துவிடும். மாடு பாலை அடக்கிக்கொண்டது என்கிறோமே, அது மாட்டின் பிடிவாதமன்று. காங்கேயம் போன்ற நாட்டுப் பசுக்களுக்குக் கன்று பக்கத்தில் நின்றாலன்றிப் பால் இறங்குவது அரிது.

தீவனத்தைப் பற்றிப் பேசாமல் இதை எழுத முடியாது. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்களே கிடையாது. கெட்டியான ஈறுதான் உண்டு. நாவினால் புல்லைச் சுருட்டி, கீழ்ப்பற்கள் எட்டுக்கும் அந்த ஈறுக்கும் இடையே வைத்து வெட்டி, பாதி மென்றும் மெல்லாமலும் விழுங்கி வைத்துவிட்டு, ஓய்வாகப் படுத்தபின் மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து மெல்லும். படுத்திருக்கும் மாட்டின் கழுத்தைக் கூர்ந்து பார்த்தால், ஓர் உருண்டை அடித்தொண்டையிலிருந்து மேலேறுவதும், தாடை பக்கவாட்டில் ஐம்பது தடவை போல அரைப்பதும், மென்றது கீழிறங்குவதும், ஒரு கண நிதானத்துக்குப் பின் அடுத்த உருண்டை ஏறுவதும் தெளிவாகத் தெரியும். நாளில் ஏழெட்டு மணி நேரம் இப்படியே கழிகிறது. இதற்காக நூறு லிட்டருக்கும் அதிகமான உமிழ்நீர் ஊறுகிறது. வயிறு நான்கு அறைகளாலானது. முதலறையான பெருவயிறு இடது பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும். இடது பசிக்குழியில் முஷ்டியை அழுத்தி வைத்து நின்றால், நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு முறை அது உள்ளிருந்து கையைத் தள்ளுவதை உணரலாம். அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நாரைச் சிதைக்கும் வல்லமை மாட்டுக்குச் சொந்தமன்று. அந்த நுண்ணுயிர்களுக்கே சொந்தம். அவை வைக்கோலைப் புளிக்கவைத்து உண்டாக்குகிற அமிலங்களே மாட்டுக்கு ஆகாரம். பின்னர் நான்காம் அறையில் அந்த நுண்ணுயிர்களே ஜீரணமாகிப் புரதமாகவும் ஆகின்றன.

கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை அண்டாவோடு மாட்டுக்கு வைப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்பது இதிலிருந்து விளங்கும். மாவுப்பொருள் திடீரென்று பெருவயிற்றில் நிறைந்தால், நாரைத் தின்னும் நுண்ணுயிர்கள் மடிந்து, அமிலத்தைப் பெருக்கும் வேறு வகை நுண்ணுயிர்கள் மேலோங்கி, உமிழ்நீரினால் சமாளிக்க முடியாத அளவுக்குப் புளிப்பேறி, ஒன்றிரண்டு நாளிலேயே மாடு மாண்டுபோகக்கூடும். பாசத்தினால் கொடுத்த சோறு உயிரை வாங்கிய வீடுகளை நான் அறிவேன். ஆணி, கம்பித் துண்டு முதலியவை தீவனத்தோடு சேர்ந்து இரண்டாம் அறையில் தங்கி, அதன் சுவரைத் துளைத்து இருதயத்தைக் குத்துவதும் உண்டு. தீவனம் போடுகிற இடத்தில் இரும்புத் துண்டு கிடக்கவிடக்கூடாது.

இனி, எனக்கு மிகவும் பிரியமான விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பகுதியின் காங்கேயம் மாடு, பிறக்கும்போது செந்நிறமாயிருந்து, ஆறு மாதமளவில் சாம்பல் நிறத்துக்கு மாறும். காளையாக வளர்ந்தால் தலை, கழுத்து, திமில், பின்தொடை ஆகிய இடங்களில் கருமை ஏறும்; காயடித்துவிட்டால் அந்தக் கருமை மங்கி வெளுத்துவிடும். ஆண்மைச் சுரப்பின் ஆட்சி தோலின் நிறத்தில்கூட எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டியதில்லை. இந்த இனத்தை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்ததில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்கு, சிறப்பாக நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியாருக்கு, பெரும் பங்குண்டு. 1936இல் தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி நூல் எழுதிய லிட்டில்வுட் என்னும் அதிகாரியும் அந்த மந்தையைச் சிறப்பித்திருக்கிறார். கிளுவை முள்வேலியால் அடைத்த கொறங்காட்டில், கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரத்தின் காய்களுமே ஆகாரமாக, மழை குறைந்த பூமியில் பல தலைமுறையாகத் தேர்ந்து தேர்ந்து வளர்த்ததன் விளைவே இந்த உடற்கட்டு. நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டர் பாலுக்கு மேல் பெரும்பாலான பசுக்களிடம் எதிர்பார்க்க முடியாது. ஏர் உழவும் வண்டி இழுக்கவும் கமலை இறைக்கவும் வேண்டி வளர்த்த வம்சத்தைப் பால் அளவால் மட்டும் மதிப்பிடுவது அநியாயம் என்றே கருதுகிறேன்.

மந்தையின் குணம் பெரும்பாலும் காளையினால் அமைகிறது. ஒரு பசு தன் ஆயுளில் எட்டோ பத்தோ கன்றுகளையே ஈனும். ஒரு பொலிகாளையோ ஊரில் பிறக்கும் அத்தனை கன்றுகளுக்கும் தகப்பன். எங்கள் பக்கத்தில் பூச்சிக்காளை என்று சொல்கிற அந்தக் காளையைத் தேர்ந்தெடுப்பதற்கு, அதன் திமிலையும் கொம்பையும் மட்டுமன்றி, அதை ஈன்ற தாயையும் தேடிப்போய்ப் பார்த்த காலம் இருந்தது. கொங்கு நாட்டில் கிணறுகளுக்கு மோட்டார் வந்து, பிறகு டிராக்டரும் வந்தபின் எருதுக்கு வேலை குறைந்தது. எருதுக்கு வேலை குறைந்தபின் காளை வளர்ப்பாரும் குறைந்தார்கள்.

அந்த இடத்தை நிரப்பியது சினை ஊசி. இந்தியாவில் இதை முதன்முதல் 1939இல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் செய்து காட்டியவர் சம்பத்குமாரன். 1949இல் கிளிசரால் சேர்த்தால் விந்தணு உறைந்தும் உயிரோடிருக்கும் என்று இங்கிலாந்தில் போல்ஜும் அவருடைய சகாக்களும் கண்டறிந்த பிறகு, காளை இறந்து பல வருஷமானாலும் அதன் சந்ததி பிறப்பது சாத்தியமாயிற்று. இன்று மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் மிதக்கிற, கால் மில்லிலிட்டர் கொள்ளும் மெல்லிய குழலில்தான் காளை நம் வாசலுக்கு வருகிறது. இது மகத்தான சாதனை. இதனால் எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் பால் விற்றுப் பிழைக்கின்றன. ஜெர்சியோடு நாட்டுப் பசுவைக் கலந்த முதல் தலைமுறை, தாயின் உஷ்ணம் தாங்கும் சக்தியையும் தந்தை வழிப் பாலையும் ஒருங்கே பெற்றுச் செழிப்பதும் உண்மை. அதன் மகளுக்கும் பேத்திக்கும் மறுபடி மறுபடி ஜெர்சியையே சேர்த்துக்கொண்டு போனால், வெயிலில் இரைப்பதும் காய்ச்சலில் விழுவதும் சினை தங்காமல் போவதும் அதிகமாகின்றன. சீமை இரத்தம் பாதியளவில் நிற்பது நம் சீதோஷ்ணத்துக்கு நல்லது. நாட்டு இனத்தின் பசுக்களுக்கு அந்த இனத்துக் காளையின் ஊசியையே போடச் சொல்வதும் நம் கையில்தான் இருக்கிறது. நம் ஓங்கோல் மாட்டைக் கடல் கடத்திக் கொண்டுபோன பிரேசில் நாட்டார், அதற்கு நெல்லூரின் பெயரையே இட்டு, தம் நாட்டு மாடுகளில் பெரும்பகுதி அந்த வம்சமாகும்படி வளர்த்திருக்கிறார்கள். அங்கே அதன் தந்தை, பாட்டன் வரிசை ஏட்டில் இருக்கிறது.

நம்மிடம் இல்லாதது அந்த ஏடு. ஊசி போட வருகிறவர் தம்பி முறையானாலும் அண்ணன் முறையானாலும், "எந்தக் காளைங்க, குழலைக் காட்டுங்க" என்று கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. குழலின்மேல் காளையின் எண்ணும் இனமும் தேதியும் அச்சிட்டிருக்கும். அந்த எண்ணை, மாட்டின் பெயர், கத்திய நேரம், ஊசி போட்ட நேரம் ஆகியவற்றோடு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இருபத்தோராம் நாள் மாடு மறுபடி கத்துகிறதா என்று பாருங்கள். கத்தாவிட்டால் அறுபது, தொண்ணூறு நாளுக்குள் மருத்துவரைக் கொண்டு சினைப் பரிசோதனை செய்துவிடுங்கள். பிறந்த கிடாரி மூன்று வருஷம் கழித்துப் பருவத்துக்கு வந்து நிற்கும்போது, அதன் தகப்பனுடைய எண் கொண்ட குழலே மறுபடி அந்த வீட்டு வாசலுக்கு வந்துவிடக்கூடும். அன்று நோட்டைப் புரட்டிப் பார்த்து, "இது வேண்டாம், வேறு காளை கொண்டுவாருங்கள்" என்று சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டியவர் மாட்டுக்காரர்தான்.